மும்பைக் கட்டடங்கள் ஏன் இப்படி இருக்கின்றன? எஃப்எஸ்ஐ, ஓர் எளிய விளக்கம்

செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக் கட்டடத்துக்கு வயது நாற்பத்தைந்து. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. போன வருடம் ரீடெவலப்மென்ட், அதாவது பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு ஆரம்பித்தபோது ஒரு பில்டரின் ஆள் வந்து மொட்டை மாடியில் திரை கட்டிப் படம் காட்டினார். அரை மணி நேரத்தில் எஃப்எஸ்ஐ, எஃப்எஸ்ஐ என்று எத்தனை முறை சொன்னார் என்று எண்ண விரல் போதவில்லை. எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டினோம். இரண்டாம் மாடி மாமி மட்டும் என் பக்கம் சாய்ந்து, "ஏம்ப்பா, பேங்க் பாஸ்புக்ல போட்டிருக்குமே, அந்த நம்பரா?" என்றார்.

இல்லை மாமி, அது ஐஎஃப்எஸ்சி.

சிரித்துவிட்டேனே தவிர, அன்றைக்கு எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அப்புறம் கமிட்டியில் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு இந்த ஊரைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. ஒரு கட்டடம் ஏன் ஏழெட்டு மாடி கார் பார்க்கிங் மேல் ஏறி நிற்கிறது, இன்னொன்றின் ஜன்னலுக்கு வெளியே செடியே இல்லாத செடித்தொட்டி ஏன் துருத்திக்கொண்டிருக்கிறது, உயரமான கட்டடத்தின் நடுவே ஏன் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி என்றெல்லாம் கேட்டால், பெரும்பாலும் பதில் ஆர்க்கிடெக்டின் ரசனையில் இல்லை. முனிசிபாலிடியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். எஃப்எஸ்ஐ என்பது தளப்பரப்புக் குறியீடு. ஒரு மனையில் எல்லா மாடிகளையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதை மனையின் பரப்பை வைத்துச் சொல்லும் எண். மனை 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், நம்மூர்க் கணக்கில் ஒரு கிரவுண்ட். எஃப்எஸ்ஐ 1 என்றால் மொத்தம் 2,400 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 4,800. அவ்வளவுதான்.

இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. எஃப்எஸ்ஐ நேரடியாக உயரத்தைச் சொல்வதில்லை. மாமிக்கு இதை அடுப்படியில் வைத்துத்தான் சொன்னேன். ஒரு கரண்டி மாவு இருக்கிறது. கல்லில் நடுவில் கனமாக விட்டால் ஊத்தப்பம், விளிம்பு வரை தேய்த்தால் பேப்பர் ரோஸ்ட். மாவு என்னவோ அதே ஒரு கரண்டிதான். அந்த 2,400 சதுர அடியை மனையின் பாதியில் நிறுத்தினால் இரண்டு தளம் வரும். கால் பங்கில் நிறுத்தினால் நான்கு தளம், சுற்றிலும் முக்கால் மனை காலி. உயரத்தை நிர்ணயிப்பது வேறு விதிகள்: கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம், எதிரே ஓடும் ரோட்டின் அகலம், தீயணைப்பு வண்டி வந்து போக வழி, அப்புறம் விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் விமானங்கள் இறங்கும் பாதை. எஃப்எஸ்ஐ சொல்வது கரண்டி அளவை மட்டும்.

கரண்டி வருவதற்கு முன்னால் இந்த ஊரில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள மாட்டுங்காவுக்குப் போக வேண்டும்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத சால்களில், அதாவது ஒற்றை அறை வீடுகளை வரிசையாக அடுக்கிய கட்டடங்களில், மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். அது திட்டம் போட்டு உருவாக்கிய பகுதிகளில் ஒன்றுதான் தாதர்-மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிள், ஃபைவ் கார்டன்ஸ், அதைச் சுற்றி ஒழுங்கான தெருக்கள். தமிழர்கள் வந்து குடியேறி, கோயிலும் பள்ளிக்கூடமும் காபிக் கடையும் வைத்துக்கொண்ட இடம். டிரஸ்ட் வெளிச்சத்துக்கென்றே ஒரு விதி வைத்திருந்தது, 63½ பாகை விதி. கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்க்கட்டடத்தின் உச்சியைப் பார்த்தால் பார்வை 63½ பாகைக்கு மேல் ஏறக் கூடாது. எளிமையாகச் சொன்னால், இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம் போகக் கூடாது. பரப்பைப் பற்றிக் கவலையே படாத விதி. கீழே இருப்பவனுக்கு வானம் தெரிகிறதா என்பதுதான் அதன் கேள்வி.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மூன்று மாடியோடு நின்றதன் காரணம் இதிலும் இருக்கிறது. 1930களிலும் 40களிலும் எழுந்தவை பல ஆர்ட் டெகோ பாணி: மூலையில் வளைந்து திரும்பும் பால்கனி, ஜன்னலுக்கு மேல் புருவம் மாதிரி நீளும் சன்ஷேட், மாடிப்படிக்கு நெடுக ஒரு கண்ணாடிப் பட்டை. இதே பாணிதான் மரைன் டிரைவிலும். ஓவல் மைதானம், மரைன் டிரைவ் பக்கத்துக் கட்டடங்களை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாட்டுங்காவுக்கு அந்தப் பட்டம் இல்லை. பட்டம் இல்லாத கட்டடம்தான் முதலில் இடிபடும் என்பதால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வருவேன். என் பெரியப்பா வீடு அங்கே இருந்தது. பகலில் அடுப்படியில் லைட் போட்டதாக ஞாபகமே இல்லை.

எஃப்எஸ்ஐ வந்தது 1964ஆம் வருட வளர்ச்சித் திட்டத்தோடு. 1991 விதிகளில் அது தீவு நகரத்துக்கு, அதாவது கொலாபாவிலிருந்து மாஹிம், சயன் வரைக்கும் 1.33 என்றும், புறநகருக்கு 1 என்றும் நின்றது. உலகப் பெருநகரங்களோடு வைத்துப் பார்த்தால் இது ரொம்பச் சின்னக் கரண்டி. கட்டடத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்று நினைத்தார்கள். கூட்டம் அதைக் கேட்கவில்லை. வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கட்டடத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் குடிசையில் தங்கினார்கள். கூடவே 1947இன் வாடகைச் சட்டம் பழைய வாடகையை உறைய வைத்துவிட்டதால், வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதையே விட்டார்கள். 30 செப்டம்பர் 1969க்கு முன் கட்டப்பட்ட இப்படிப்பட்ட வாடகைக் கட்டடங்கள்தான் இன்று 'செஸ் பில்டிங்' என்று சொல்லப்படுபவை. அவற்றை இடித்துக் கட்டினால் எஃப்எஸ்ஐ 3 அல்லது அதற்கு மேலும் கிடைக்கும். கிர்காவிலும் லால்பாகிலும் ஒல்லியாக ஒரேயடியாக மேலே போகும் கோபுரங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

இனிமேல்தான் சுவாரசியமான பகுதி. எஃப்எஸ்ஐயில் எல்லாமே எண்ணப்படுவதில்லை. எது எண்ணப்படாதோ அது கட்டடத்தில் வீங்கும். ஹோட்டலில் தோசைக்குக் காசு, சட்னிக்குக் காசு இல்லை என்றால் என்ன ஆகும்? அதேதான்.

2012க்கு முன்னால் கட்டிய ஃபிளாட் எதையாவது போய்ப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே இரண்டடி அகலத்தில் ஒரு சிமென்ட் தொட்டி. வரைபடத்தில் அதற்குப் பெயர் 'ஃபிளவர் பெட்'. அதற்கு எஃப்எஸ்ஐ கணக்கு கிடையாது. அலமாரி வைக்கும் மாடத்துக்கும், சில வெற்றிடங்களுக்கும் அப்படியே. பால்கனிக்கும் ஒரு அளவு வரை சலுகை இருந்தது. எனவே பம்பாயில் திடீரென்று எல்லோருக்கும் தோட்டக்கலையில் ஆர்வம் வந்துவிட்டது. ஒவ்வொரு அறைக்கும் ஃபிளவர் பெட். குடிவந்த கையோடு ஜன்னலைப் பெயர்த்து வெளியே தள்ளி, தொட்டியை மட்டமாக்கி, டைல்ஸ் போட்டு அறையோடு சேர்த்துக்கொள்வார்கள். விற்கும்போதே அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருப்பார்கள். முலுண்டில் என் அத்தை பையன் வாங்கிய வீட்டில் படுக்கையறை கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் முழுக்க ஃபிளவர் பெட்டின் மேல்தான் இருக்கிறது. காகிதத்தில் அவன் இன்னமும் செம்பருத்திச் செடிக்குள் கால் நீட்டித் தூங்குகிறான்.

2012 ஜனவரியில் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். பால்கனி, ஃபிளவர் பெட், மாடம் எல்லாம் இனி கணக்கில் வரும். பதிலுக்கு வீடுகளுக்கு 35 சதவீதம் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம், அதற்கு முனிசிபாலிடிக்குப் பணம் கட்ட வேண்டும். இதன் பெயர் ஃபஞ்சிபிள் எஃப்எஸ்ஐ. அதை பால்கனியாக வைப்பதும் அறைக்குள் சேர்ப்பதும் கட்டுகிறவர் இஷ்டம். பெரும்பாலானோர் அறைக்குள் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டடங்கள் பல வழவழவென்று கண்ணாடியும் சுவருமாக, பால்கனியே இல்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். எனக்கு இதில் வருத்தம்தான். மும்பை மழைக்கு ஒரு பால்கனி எவ்வளவு தேவை என்று துணி காயப்போடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

பால்கனியை வைத்து என்ன செய்யலாம் என்று காட்டிய கட்டடமும் இதே ஊரில்தான் இருக்கிறது. கம்பாலா ஹில்லில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983இல் முடிந்த காஞ்சன்ஜங்கா. இந்த ஊரில் கடல் காற்றும் நல்ல காட்சியும் வருவது கிழக்கு மேற்காக. சுள்ளென்ற மாலை வெயிலும் அடித்து ஊற்றும் மழையும் வருவதும் அதே பக்கம். பழைய பங்களாக்களில் இதற்கு வழி வராந்தா. அந்த வராந்தாவை கொரியா ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். கட்டடத்தின் மூலைகளைக் குடைந்து, இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த தோட்டத்திண்ணைகளை வைத்தார். தூரத்திலிருந்தே அந்த ஓட்டைகள் தெரியும்.

கார் பார்க்கிங் இன்னொரு பெரிய சட்னி. விதிப்படி தேவையான பார்க்கிங் எஃப்எஸ்ஐயில் சேராது. நிலத்தடியில் தோண்டினால் செலவு அதிகம், கடலோரத்தில் தண்ணீர் வேறு ஊறும். அதனால் பார்க்கிங்கை மேலே கட்டி, அதன் தலையில் வீடுகளை வைக்கிறார்கள். இதுதான் போடியம். வாங்குகிறவருக்கும் மகிழ்ச்சி, முதல் வீடே பத்தாவது மாடி உயரத்தில், கடல் தெரிகிறது. தெருவில் நடக்கிறவர் கதிதான் மோசம். மாட்டுங்காவில் தெருவைப் பார்த்தபடி பூக்கடை, பால்கனியில் செய்தித்தாள் படிக்கும் தாத்தா என்று இருந்தது, லோயர் பரேலில் இரும்புக் கிராதி போட்ட சுவரும் கார்ப் புகையும் என்று ஆகிவிட்டது.

அந்தப் பல் விழுந்த இடைவெளியின் பெயர் ரெஃப்யூஜ் ஏரியா. உயரமான கட்டடங்களில், தீப்பிடித்தால் மேலிருப்பவர்கள் வந்து நின்று காத்திருக்க சில மாடிகளுக்கு ஒருமுறை திறந்த இடம் விட வேண்டும். அது காப்பாற்ற வேண்டிய மாடிகளின் பரப்பில் சுமார் 4 சதவீதம் வரை கணக்கில் வராது, மிஞ்சினால் எண்ணுவார்கள். ஏன் மிஞ்சினால் எண்ணுகிறார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை, ஃபிளவர் பெட் கதையைப் படித்துவிட்டீர்கள்.

இப்போது எங்கள் சொசைட்டி மனைக்கு வருகிறேன். கணக்கு சுலபமாக இருக்க மனை 10,000 சதுர அடி, முன்னால் 9 மீட்டர் ரோடு என்று வையுங்கள். இன்று நடப்பில் இருப்பது 2018இல் வந்த விதிகள், டிசிபிஆர் 2034 என்பார்கள். செம்பூர் புறநகர், ஆகவே அடிப்படை எஃப்எஸ்ஐ 1, அதாவது 10,000 சதுர அடி. இது மனையோடு பிறந்தது. அடுத்து 0.5, பணம் கட்டி வாங்குவது. அதற்குப் பெயர் பிரீமியம் எஃப்எஸ்ஐ, 5,000 சதுர அடி. அடுத்து இன்னொரு 0.5, டிடிஆர்.

டிடிஆர் புரிய ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வேண்டாத வீட்டுக்காரர் தன் பங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார் அல்லவா? ஒருவரின் நிலத்தை ரோட்டுக்கோ பூங்காவுக்கோ முனிசிபாலிடி எடுத்துக்கொண்டால், பணத்துக்குப் பதில் 'நீ கட்டியிருக்கக்கூடிய இத்தனை சதுர அடி உன் பேரில்' என்று ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதை அவர் சந்தையில் விற்கலாம். வாங்கியவர் தன் மனையில் கட்டலாம். 1991 விதிகளில் டிடிஆரைத் தீவு நகரத்துக்குள் பயன்படுத்தத் தடை இருந்தது. எனவே தெற்கே பிறந்த மாவெல்லாம் வடக்கே புறநகர்க் கல்லில் வந்து விழுந்தது. செம்பூரிலும் முலுண்டிலும் ரோடு அதே ரோடாக இருக்க, வீடுகள் மட்டும் அடுக்கிக்கொண்டே போனதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம்.

ஆக, 20,000. அதன் மேல் ஃபஞ்சிபிள் 35 சதவீதம், 7,000. மொத்தம் 27,000 சதுர அடி. ரோடு இன்னும் அகலமாக இருந்தால் டிடிஆர் பங்கு கூடும். படிக்கட்டு, லிஃப்ட், பார்க்கிங், ரெஃப்யூஜ் எல்லாம் இதற்கு வெளியே, ஆகவே கண்ணில் படும் கட்டடம் 27,000ஐவிடப் பெரிதாகத்தான் இருக்கும். இருக்கிறவர்களுக்குப் பழைய வீட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இலவசமாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பில்டர் விற்கிறார். வருவது லாபமா நஷ்டமா என்பது அந்த மிச்சத்தில் இருக்கிறது. அதனால்தான் பில்டர் வாயைத் திறந்தால் எஃப்எஸ்ஐ. (சென்னையில் தம்பிக்கு இதைச் சொன்னபோது, அங்கே 2019 விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கே நேராக 2, உயர்மாடிக்கு 3.25 என்றான். இப்படித் துண்டு துண்டாக ஒட்ட வேண்டியதில்லையாம். நல்ல ஊர்.)

குடிசை மாற்றுத் திட்டமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. 1995இல் எஸ்ஆர்ஏ என்ற குடிசை மறுவாழ்வு ஆணையம் வந்தது. குடிசைக்காரர்களுக்கு அதே இடத்தில் இலவச வீடு கட்டிக் கொடுத்தால், பில்டருக்குத் தாராளமான எஃப்எஸ்ஐ. தார்தேவில் 2010இல் முடிந்த இம்பீரியல் இரட்டைக் கோபுரம், ஹஃபீஸ் கான்ட்ராக்டர் வடிவமைத்தது, இந்த வழியில் வந்ததுதான். உச்சியில் ஊசி வைத்த 60 மாடி. குடிசைகள் இருந்த நிலம் அது. இலவச வீட்டின் அளவு முதலில் 225 சதுர அடி, அப்புறம் 269, இப்போது 300.

பரப்பை எண்ணுகிற கணக்கு வெளிச்சத்தை எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கோவண்டி, மான்குர்ட் பக்கம் போக வேண்டும். ரோடு, ரயில் வேலைகளுக்காக எடுக்கப்பட்ட இடங்களிலிருந்து வந்தவர்களை நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற குடியிருப்புகளில் வைத்தார்கள். ஏழெட்டு மாடிக் கட்டடங்கள், நடுவில் 3 மீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. மாட்டுங்காவின் பழைய விதிப்படி 3 மீட்டர் இடைவெளிக்கு 6 மீட்டர் உயரம்தான் போகலாம், இரண்டு மாடி. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் குடியிருப்புகளின் வெளிச்சம் வராத கீழ்மாடி வீடுகளில் காசநோய் அதிகம் என்று கண்டார்கள். பிளேக்குக்குப் பயந்து உண்டாக்கிய விதியை, நூறு வருடத்தில் மறந்துவிட்டோம்.

குடிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிற தாராவி இப்போது இதே கேள்வியின் முன்னால் நிற்கிறது. அங்கே தகுதி பெறுகிறவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்து தலைமுறைகள் ஆன குடும்பங்கள், விடியற்காலையில் இட்லி அவித்து சைக்கிளில் ஊர் முழுக்கக் கொண்டுபோய் விற்கிறவர்கள் என்று நம் ஆட்கள் அங்கே நிறைய. எனக்குத் தெரிந்த இட்லிக்காரர் ஒருவருக்குக் கீழே கிரைண்டரும் அடுப்பும், ஏணி வைத்த பரண் மாதிரி மேலே வீடு. வாசல்தான் அவருக்கு ஊறவைத்த அரிசியைக் கழுவும் இடம், பாத்திரம் அடுக்கும் இடம், மகன் உட்கார்ந்து படிக்கும் இடம். "பெரிய வீடுதான் தாறான், நல்லதுதான். கிரைண்டர லிஃப்ட்ல ஏத்த விடுவானா?" என்று கேட்டார். அந்த வாசலுக்கு எந்த எஃப்எஸ்ஐ கணக்கிலும் பெயர் இல்லை.

உங்கள் சொசைட்டியிலும் இந்தப் பேச்சு நடக்கிறதென்றால், 2019 முதல் 51 சதவீத உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டியதைச் சீக்கிரம் பேசிவிடுவது நல்லது. வீட்டின் அளவைச் சொல்லும்போது ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான கார்பெட் ஏரியாவில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது சுவர்களுக்குள் நீங்கள் உண்மையில் புழங்கும் இடம், பால்கனி அதில் சேராது. சுவரையும் பொது இடத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும் பில்ட்-அப், சூப்பர் பில்ட்-அப் கணக்கை யாராவது ஆரம்பித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். அப்புறம், சுற்றி எவ்வளவு இடம் விடுகிறீர்கள் என்று கேளுங்கள். விதிப்படி விட வேண்டியதைவிடக் குறைவாக விட்டுவிட்டு, குறைந்த இடத்துக்கு முனிசிபாலிடிக்குப் பிரீமியம் கட்டி அனுமதி வாங்கும் வழி இங்கே இருக்கிறது. பணம் கட்டுவது பில்டர், இருட்டில் சமைப்பது நாம்.

மாமி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பில்டரின் ஆள் படம் காட்டி முடித்ததும் கையைத் தூக்கினார். எஃப்எஸ்ஐ பற்றி எதுவும் கேட்கவில்லை.

"நம்ம அடுப்படி ஜன்னலுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவுல எத்தன மீட்டர்?"

அவர் லேப்டாப்பை முன்னும் பின்னும் புரட்டினார். பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது.